ஒரு சார்ட் பேப்பரும் நான் அடித்த ஒரு பத்தியும்

இந்த ஞாயிறு அம்பத்தூர் ஏரியின் பழைய கலங்கல் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. இன்று வேறொரு விஷயம். பதிவு நீளமானது, பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பிளஸ் ஒன் மாணவன் தன் வகுப்புத் தோழர்கள் மூவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரண்டு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். பள்ளியில் வரலாற்றுச் செயல்திட்டம் கொடுத்திருக்கிறார்களாம். தலைப்பு: ‘20-ஆம் நூற்றாண்டின் இனப்படுகொலைகள் - ஓர் ஒப்பீடு’. ‘சார், நீங்க ஹிஸ்டரி வாத்தியார்தானே, ஒரு தடவை சரி பார்த்துக் குடுங்க’ என்றார்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் யாராவது இப்படிக் கேட்டால் அன்றைக்கு அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை தேவைப்படாது. வராந்தாவில் பாய் விரித்து உட்கார வைத்தேன்.

சார்ட் பேப்பரை விரித்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் அழகாகக் கட்டம் போட்டிருந்தார்கள். நாடு, ஆண்டு, கொன்றவர், இறந்தவர் எண்ணிக்கை, கடைசியில் ‘தரவரிசை’ என்று ஒரு கட்டம். முதலிடம் ஹிட்லரின் ஜெர்மனி, 60 லட்சம் யூதர்கள். இரண்டாவது கம்போடியா. மூன்றாவது ஆர்மீனியா. நான்காவது ருவாண்டா. ஐந்தாவது பாஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா, சுமார் 8,000. ஆறாவது வரிசையில் ‘இலங்கை’ என்று பென்சிலில் எழுதி, மற்ற கட்டங்களில் கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்கள்.

‘இது என்னப்பா, ஐ.பி.எல். பாயின்ட்ஸ் டேபிள் மாதிரி இருக்கு’ என்றேன். பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

‘ஒப்பீடுன்னா நம்பரை வச்சுத்தானே சார் ஒப்பிடணும்?’ என்றான் தெருப் பையன். நியாயமான கேள்வி. நாமும் பல ஆண்டு அப்படித்தான் கற்பித்தோம். பானிபட் போரில் எத்தனை பேர், கலிங்கப் போரில் எத்தனை பேர் என்று.

நான் ஐந்தாவது வரிசையைக் காட்டினேன். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சா நகரத்தில் பாஸ்னிய செர்பியப் படை ஆண்களையும் சிறுவர்களையும் தனியே பிரித்துக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றது. எண்ணிக்கை சுமார் 8,000. உலகப் போர்க் கணக்கில் இது சின்ன எண். ஆனால் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2001-இலும், சர்வதேச நீதிமன்றம் 2007-இலும் இதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தன. அதே நேரத்தில் சயாம்-பர்மா ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1942-43-இல் மலேயா ரப்பர் தோட்டங்களில் இருந்து ஜப்பானியர் ஓட்டிக்கொண்டுபோன நம் தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். கொடுமையிலும் கொடுமை, போர்க்குற்றம். ஆனால் அதை வழக்கமாக இனப்படுகொலை என்று சொல்வதில்லை. ஏன்? ஜப்பானியருக்கு வேண்டியது பாதை. தமிழர் என்ற இனமே இருக்கக் கூடாது என்று அவர்கள் திட்டமிடவில்லை. ஆட்கள் செத்தால் வேறு ஆட்களைப் பிடித்துவந்தார்கள்.

‘அப்ப எத்தனை பேர் செத்தாங்கங்கறது கணக்கு இல்லையா சார்?’

‘கணக்குதான். ஆனா முதல் கேள்வி அது இல்ல. எதுக்காகக் கொன்னாங்கங்கறதுதான் முதல் கேள்வி.’

அன்று மாலை அவர்களுக்கு ரஃபேல் லெம்கின் கதையைச் சொன்னேன். நண்பர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்காது. போலந்தைச் சேர்ந்த யூத வழக்கறிஞர், 1900-இல் பிறந்தவர். 1921-இல் பெர்லினில் ஓர் ஆர்மீனிய இளைஞன் தலாத் பாஷாவை நடுத்தெருவில் சுட்டுக் கொன்றான். 1915-இல் ஆர்மீனியர்களை நாடு கடத்திக் கொன்ற துருக்கி ஆட்சியில் உள்துறை அமைச்சராக இருந்தவர் தலாத். மாணவனாக இருந்த லெம்கின் தன் பேராசிரியரிடம் கேட்டார்: ஒருவனைக் கொன்றதற்கு இந்த இளைஞன் மீது வழக்கு, லட்சக்கணக்கானவர்களைக் கொன்றவர் மீது ஏன் வழக்கில்லை? பேராசிரியர் சொன்ன பதில்: கோழி வளர்ப்பவன் தன் கோழிகளை அறுத்தால் யார் கேட்பது? ஒரு நாட்டு அரசு தன் மக்களை என்ன செய்தாலும் வெளியார் கேட்க முடியாது, அதுதான் அன்றைய சட்டம்.

அந்தப் பதில் அவரை வாழ்நாள் முழுக்கத் தூங்கவிடவில்லை. 1944-இல் ஒரு நூலில் ‘ஜெனோசைட்’ என்ற சொல்லை உருவாக்கினார். கிரேக்கத்தில் ‘ஜெனோஸ்’ என்றால் இனம், லத்தீனில் ‘சைட்’ என்றால் கொல்லுதல். நாம் இனப்படுகொலை என்கிறோம். அவர் குடும்பத்தில் 49 பேரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவர் ஐ.நா. வாசலிலேயே கிடந்து, ஒவ்வொரு நாட்டுத் தூதரிடமும் மன்றாடி, 1948 டிசம்பர் 9-ஆம் தேதி இனப்படுகொலை ஒப்பந்தத்தை நிறைவேற வைத்தார். இலங்கை 1950-இலேயே அதில் சேர்ந்துவிட்டது. இந்தியா 1959-இல் உறுதிப்படுத்தியது. லெம்கின் இறந்ததும் அதே 1959-இல்தான், நியூயார்க்கில், ஏழையாக.

ஒப்பந்தம் என்ன சொல்கிறது? தேசிய, இன, நிற, மத அடிப்படையிலான ஒரு குழுவை, அந்தக் குழு என்ற காரணத்துக்காகவே, முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யும் ஐந்து செயல்கள். கொல்வது. உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான தீங்கு செய்வது. வாழவே முடியாத நிலைமைகளைத் திட்டமிட்டு உண்டாக்குவது. பிறப்பைத் தடுப்பது. குழந்தைகளை வலுக்கட்டாயமாக வேறு குழுவிடம் ஒப்படைப்பது. கொல்வது ஐந்தில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். நோக்கம் என்ற சொல்லையும் கவனியுங்கள். வழக்குகள் எல்லாம் சிக்கிக்கொள்ளும் இடம் அதுதான்.

பிள்ளைகள் சும்மா விடவில்லை. ‘கம்போடியாவுல போல் பாட் கொன்னது அவரோட சொந்த கெமர் மக்களைத்தானே, அது எப்படி சார்?’ என்றாள் ஒருத்தி. சரியான இடத்தில் பிடித்தாள். அங்கே 2018-இல் தீர்ப்பாயம் இனப்படுகொலை என்று தண்டித்தது வியட்நாமியர், சாம் முஸ்லிம்கள் ஆகிய சிறுபான்மையினர் மீது நடந்ததற்குத்தான். மற்ற லட்சக்கணக்கான கெமர் சாவுகள் மானுடத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற பெயரில் வந்தன. இன்னொருவன் கேட்டான், ‘சார், கீழ்வெண்மணி?’ 1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. ஐ.நா. ஒப்பந்தத்தின் பட்டியலில் சாதி என்ற சொல் கிடையாது. ‘சட்டத்துல பேர் இல்லைன்னா குற்றம் சின்னதாயிடுமா?’ என்றான். ஆகாது என்றேன். அந்தக் கேள்வியையே சார்ட்டின் ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை நால்வரையும் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயில் ஏற்றி சென்ட்ரலில் இறங்கி, பாரிமுனைக்கு நடத்திக் கூட்டிப்போனேன். நாம் அரண்மனைக்காரன் தெரு என்று சொல்கிறோமே, அதன் பெயர் ஆர்மீனியன் தெரு. அங்கே 1712-இல் முதலில் கட்டி, 1772-இல் மறுபடி கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. முற்றமெல்லாம் கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகை ‘அஸ்தரார்’ 1794-இல் இந்த மதராசில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இந்த வளாகத்தில்தான் அடக்கமாகியிருக்கிறார். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே முதன்முதலில் பாலம் கட்டிய பெட்ரஸ் உஸ்கானும் ஆர்மீனிய வணிகர்தான்.

எதற்குக் கூட்டிப்போனேன் என்றால், சார்ட்டில் மூன்றாவது வரிசையில் ‘15 லட்சம் வரை’ என்று எழுதிவிட்டு அவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்கள். அந்த மக்கள் யார், என்ன மொழி பேசினார்கள், என்ன அச்சடித்தார்கள் என்று ஒன்றும் தெரியாது. அந்தக் கற்களில் உள்ள எழுத்துகளைத் தடவிப் பார்த்த பிறகு, ரயிலில் திரும்பும்போது தெருப் பையன் சொன்னான்: ‘சார், அந்த ரேங்க் காலத்தை எடுத்துடலாம்.’ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனே சொன்னான்.

அப்புறம் புதுக் கட்டங்கள் போட்டோம். முதல் கட்டம்: ஆட்களை எப்படி அடையாளம் கண்டார்கள்? இதில்தான் ஒப்பீடு பிடிபட்டது. 1915 ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டான்டினோபிளில் ஆர்மீனிய எழுத்தாளர்களையும் ஆசிரியர்களையும் கைது செய்யப் பட்டியலோடு போனார்கள். ஜெர்மனியில் 1938-இல் யூதர்களின் பாஸ்போர்ட்டில் ‘ஜே’ என்று முத்திரை குத்தினார்கள். ருவாண்டாவில் பெல்ஜியக்காரர்கள் 1930-களில் கொண்டுவந்த அடையாள அட்டையில் ஹுட்டு, துட்சி என்று எழுதியிருந்தது. 1994-இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் கையில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடித் தேடிப் போயின.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் அரசாங்கம் நமக்கு நல்லது செய்ய வைத்திருப்பவை. அதே காகிதம் ஒரு நாள் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதைப் பதினாறு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்த மாலை அது.

இரண்டாவது கட்டம்: முன்னால் என்ன பேசினார்கள்? ருவாண்டாவில் வானொலி துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்றது. நாஜிகள் யூதர்களை எலிகளோடு ஒப்பிட்டுப் படம் எடுத்தார்கள். மனிதனைப் பூச்சி என்று பேசப் பழகியபின் கொல்வது சுத்தம் செய்வது போலாகிவிடுகிறது.

இனி ஆறாவது வரிசை. பென்சில் கேள்விக்குறி.

ஒரு பையன், ‘இதுல என்ன சார் சந்தேகம், இனப்படுகொலைன்னு பேனாவுல எழுதிடலாம்’ என்றான். இன்னொருவன், ‘நெட்ல சர்ச்சைக்குரியதுன்னு போட்டிருக்கு, மார்க் போயிடப் போகுது’ என்றான். இருவரையும் நிறுத்தி, தெரிந்ததை வரிசையாக எழுதச் சொன்னேன்.

1948-இல் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழர் லட்சக்கணக்கில் நாடற்றவர் ஆனார்கள். 1956-இல் தனிச் சிங்களச் சட்டம். 1958-இல் கலவரம். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது, சுமார் 97,000 நூல்கள். 1983 ஜூலை 23-இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 ராணுவத்தினர் புலிகளின் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். அதன் பின் கொழும்பு எரிந்தது. வெலிக்கடைச் சிறைக்குள்ளேயே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இறந்தவர் எண்ணிக்கை அரசுக் கணக்கில் சில நூறு, மற்றவர் கணக்கில் 3,000 வரை.

2009. அரசே அறிவித்த ‘பாதுகாப்பு வலயம்’ மீதும் மருத்துவமனைகள் மீதும் குண்டு விழுந்ததை ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் எழுதியது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. ஐ.நா.வின் 2012 உள் ஆய்வு 70,000-க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைச் சுட்டியது. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் அரசுப் புள்ளிவிவரங்களையே கூட்டிக் கழித்து 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். 2015-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் போர்க்குற்றங்களும் மானுடத்துக்கு எதிரான குற்றங்களும் நடந்திருக்கலாம் என்றது, இனப்படுகொலை என்ற சொல்லைப் பயன்படுத்தவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் வட மாகாண சபை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது. 2022-இல் கனடா நாடாளுமன்றம் மே 18-ஐத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இன்றுவரை மறுக்கிறது. எந்தச் சர்வதேச நீதிமன்றமும் இந்த வழக்கை விசாரிக்கவில்லை.

‘உங்க கருத்து என்ன சார்?’ என்றார்கள். மறைக்கவில்லை. ‘1956-ல இருந்து 2009 வரைக்கும் வரிசையாப் பார்த்தா, அழிக்கிற நோக்கம் எனக்குத் தெரியுது. நான் இனப்படுகொலைன்னுதான் சொல்வேன். ஆனா சார்ட்டுல என் கருத்தை எழுதாதீங்க. யார், எந்த வருஷம், என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க. படிக்கிறவங்க முடிவு பண்ணட்டும்’ என்றேன். மார்க் போகுமா என்று கேட்டவனிடம், ‘ஆதாரத்தோட எழுதினதுக்குப் போற மார்க் போகட்டும்’ என்றேன்.

அப்போதுதான் அதுவரை அதிகம் பேசாத அந்தப் பெண் வாயைத் திறந்தாள். ‘சார், எங்க அம்மம்மாவை எந்தக் கட்டத்துல எழுதறது? அவங்க சாகலையே.’

அம்மம்மா என்ற சொல்லில் எனக்குப் புரிந்துவிட்டது. புழல் காவாங்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்த பிள்ளை. அகதிகள் முகாம் என்ற பெயரை 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். அவள் பேச்சு அசல் சென்னைப் பேச்சு. அம்மம்மா என்ற ஒரு சொல் மட்டும் கடல் தாண்டி வந்தது. கூடப் படிக்கும் மூவருக்கும் அன்றுவரை தெரியாதாம்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மம்மாவே ஷேர் ஆட்டோ பிடித்துப் புதூர் வழியாக வந்து சேர்ந்தார். எழுபதைத் தாண்டிய வயது. என் மனைவி டீ கொடுத்தாள். கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் மன்னாரில் இருந்த அவர்கள் காணியின் உறுதிப் பத்திரம். 1990 நவம்பரில் படகேறும்போது நகையை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டாராம். தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, புழலுக்கு வந்து முப்பத்தைந்து வருடம்.

‘மாஸ்டர், பிள்ளையள் எழுதுறதெண்டால் செத்த ஆக்களை மட்டும் எழுத வேண்டாம். இருந்த வீட்டையும் எழுதச் சொல்லுங்கோ’ என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘இன்னொண்டும் இருக்கு. சொல்லாட்டிப் பாவம். அந்த ஐப்பசியிலை எங்கட பக்கத்து வீட்டுச் சனம், முஸ்லிம் சனம், அவையைப் போகச் சொன்னது எங்கட பெடியள்தான். என்ரை கலியாணத்துக்கு அந்த அக்காதான் கைக்கு மருதோண்டி வைச்சது. அவ பெட்டியோட றோட்டிலை நடந்து போறா. நாங்கள் வாசல்லை நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லை.’

நண்பர்களே, இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் 70,000-க்கும் மேற்பட்டோரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 2009-இல் தப்பி ஓடிய தமிழ் மக்களைப் புலிகள் சுட்டதையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் அதே ஐ.நா. நிபுணர் குழுதான் எழுதியது. அறிக்கையில் நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ள முடியாது. இதைச் சொல்வதால் முள்ளிவாய்க்காலின் கணக்கு ஒன்றும் குறையாது. எல்லாவற்றையும் இழந்த ஒரு கிழவி, இழந்ததைச் சொல்ல வந்த இடத்தில், தான் வாசலில் நின்றதையும் சொன்னார். எனக்கும் அவ்வளவு நேர்மை வேண்டாமா?

அன்று மூன்றாவது கட்டம் பிறந்தது. ‘பார்த்துக்கொண்டு நின்றவர்கள்’. தலைப்பை அந்தப் பேத்திதான் எழுதினாள். ருவாண்டாவில் கொலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1994 ஏப்ரல் 21 அன்று, ஐ.நா. பாதுகாப்பு அவை தன் படையை சுமார் 2,500-இல் இருந்து 270 ஆகக் குறைக்க முடிவெடுத்தது. ஸ்ரெப்ரெனிட்சா ஐ.நா.வே அறிவித்த பாதுகாப்புப் பகுதி, டச்சுப் படை அங்கே இருந்தது. கிளிநொச்சியில் 2008 செப்டம்பரில் ஐ.நா.வின் வெளிநாட்டு ஊழியர்கள் வண்டியேறினார்கள், ஜனங்கள் வாசலில் நின்று போகாதீர்கள் என்று கெஞ்சினார்கள். இந்தக் கட்டம்தான் சார்ட்டில் எல்லாவற்றையும்விட நீளமாக வந்தது.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கட்டத்தில் எழுத வேண்டிய இன்னொரு ஆள் எனக்குத் தெரியும்.

1984. நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்து வந்த ஒரு பையன் சேர்ந்திருந்தான். எஸ்டேட் பக்கம் உறவினர் வீட்டில் குடும்பமே தங்கியிருந்தது. அரையாண்டுத் தேர்வில் நாளந்தா பற்றிக் குறிப்பு வரைக என்று ஐந்து மதிப்பெண் வினா கேட்டிருந்தேன். அவன் நாளந்தாவைப் பற்றி ஒழுங்காக எழுதிவிட்டு, அந்த நூலகம் எரிந்ததைச் சொல்லி, அடுத்த பத்தியில், என் அப்பா படித்த யாழ்ப்பாண நூலகமும் இப்படித்தான் எரிந்தது என்று தொடங்கி ஏழெட்டு வரி எழுதியிருந்தான். நான் சிவப்பு மையில் அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்து, ‘வினாவுக்குத் தொடர்பில்லாதது’ என்று எழுதி, ஐந்துக்கு இரண்டு போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று அவன் ஒன்றும் கேட்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை, கனடா போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது மனத்தில் எதுவும் இல்லை என்பதுதான் உண்மை. ஊரெல்லாம் ஊர்வலம் போனது, நானும் போனேன், கோஷம் போட்டேன். வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையிடம், உன் வீடு என்ன ஆனது என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.

பல ஆண்டு கழித்து லெம்கினைப் படிக்கும்போதுதான் ஒன்று தெரிந்தது. ஒரு இனத்தின் நூல்களை, நூலகங்களை, மொழியை அழிப்பதும் இனப்படுகொலையின் பகுதி என்று அவர் எழுதியிருந்தார். ஐ.நா.வின் முதல் வரைவில் அது இருந்தது. 1948-இல் நாடுகள் வாக்கெடுத்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டன. அவர்களும் ஒரு பத்தியைக் குறுக்கே அடித்துத் தொடர்பில்லாதது என்று சொன்னார்கள். இப்போது பிள்ளைகள் வரலாற்று நிகழ்வுகளை ஒப்பிட என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறார்கள். 1984-இல் பதின்மூன்று வயதுப் பையன் யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒப்பிட்டான். நான் மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

இதை அந்த நால்வரிடமும் சொன்னேன். வாத்தியார் பிழையை மாணவரிடம் சொல்லலாமா என்று என் மனைவி கேட்டாள். சொன்னது நல்லது என்றுதான் தோன்றுகிறது. பேத்தி ஒன்றும் சொல்லாமல் ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, மூன்றாவது கட்டத்தில் இலங்கை வரிசையில், ஐ.நா.வுக்குக் கீழே, ‘அண்டை வீட்டார்’ என்றும் அதற்குக் கீழே ‘ஆசிரியர்கள்’ என்றும் எழுதினாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் எழுதினாள்.

போன வாரம் சார்ட்டைப் பள்ளியில் கொடுத்துவிட்டார்கள். தரவரிசை இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, ஒவ்வொன்றின் கீழும் யார் சொன்ன கணக்கு என்று இருக்கிறது. கடைசிக் கட்டம் ‘மிஞ்சியவை’. அதில் ஆர்மீனியன் தெருக் கல்லறைகளும், மன்னார்க் காணி உறுதியும், 2025-இல் செம்மணியில் தோண்டியபோது ஒரு குழந்தையின் எலும்புகளோடு கிடைத்த பள்ளிப் பையும் இருக்கின்றன. மதிப்பெண் வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். இன்னும் வரவில்லை.

இந்தப் பதிவைக் கனடாவில் இருக்கும் நண்பர்கள் சிலரும் படிக்கிறீர்கள். 1984-இல் அம்பத்தூரில் எட்டாம் வகுப்பு படித்து, நாளந்தா வினாவில் ஐந்துக்கு இரண்டு வாங்கிய ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள். இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு, ஐம்பத்தைந்து வயது இருக்கும். தம்பி, அந்தப் பத்தி வினாவுக்குத் தொடர்புள்ளதுதான். உன் விடைக்கு ஐந்துக்கு ஐந்து. இவ்வளவு தாமதமாகச் சொல்வதற்கு மன்னித்துக்கொள். உன் வீடு என்ன ஆனது என்று இப்போது கேட்கிறேன். முடிந்தால் எழுது.

மற்ற நண்பர்கள் கருத்துச் சொல்லலாம். அந்தப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், வார்த்தையில் கவனம் இருக்கட்டும். அடுத்த ஞாயிறு ஏரிக் கலங்கல் நிச்சயம்.